நீங்கள் பார்க்காமல் கையெழுத்து வைத்த கடிதம்

ராத்தா,

உங்கள் பிளாஸ்க் என்னிடம்தான் இருக்கிறது. இன்று ஆய்வுகூட அலுமாரியை வெறுமையாக்கினோம். மேல் தட்டில், கல் மாதிரிகள் வைத்த பெட்டிக்குப் பின்னால் இருந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே ஈரம் துளியும் இல்லை, ஆனால் இஞ்சி வாசம் அப்படியே இருந்தது. கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வரும்போது நீங்கள் கொண்டுவரும் இஞ்சித் தேத்தண்ணி. சீனி போடமாட்டீர்கள். எங்களுக்கென்று ஒரு பையில் பனங்கட்டி தனியாக வரும்.

அலுமாரியை ஏன் வெறுமையாக்கினீர்கள் என்று கேட்பீர்கள். இந்த வருடம் எங்கள் கல்லூரியில் புவி விஞ்ஞான டிப்ளோமாவுக்கு ஒருவரும் சேரவில்லை. இரண்டு வருடம் படித்தாலும் பல்கலைக்கழகம் அதைக் கணக்கில் எடுக்காது என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பிறகு யார் வருவார்கள்? அறையைக் கணினிப் பிரிவுக்குக் கொடுத்துவிட்டார்கள். கல் மாதிரிகளை எங்கே வைப்பதென்று கல்லூரி அதிபரிடம் கேட்டேன். "கல்லுத்தானே மிஸ், வெளியில வைச்சா என்ன, பழுதாகிப் போகுமா?" என்றார்.

நீங்கள் பல்கலைக்கழகப் பீட அலுவலகத்திலிருந்து முதன்முதலாக எங்கள் கல்லூரிக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. கையில் ஒரு நீளமான அட்டவணை. இடப்பக்கம் எங்கள் டிப்ளோமாப் பாடங்கள், வலப்பக்கம் உங்கள் பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடப் பாடங்கள். நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தை நானும் நீங்களும் நிரப்ப வேண்டும். எது எதற்குச் சமம், எத்தனை மணித்தியாலம், எத்தனை கிரெடிட் என்று. எல்லாம் பொருந்தினால் எங்கள் பிள்ளைகள் நேரே மூன்றாம் வருடத்துக்குப் போகலாம். கதிரையில் இருந்ததும் நீங்கள் சொன்னது இது: "இது கலியாணப் பேச்சு மாதிரித்தான் மிஸ். ரெண்டு பக்கமும் தங்கட பிள்ளைதான் பெரிசு எண்டு நிக்கும். நாம ரெண்டு பேரும் நடுவுல நிண்டு முடிச்சு வைக்கணும்."

முடிக்க நிறையக் காலம் எடுத்தது. கனிமவியல் பொருந்தியது. பாறையியலுக்கு ஒரு அலகு கூடுதலாகப் படிப்பித்தோம். வரைபடப் பாடத்துக்கு உங்கள் பக்கத்துப் பேராசிரியர் ஒருவர் முகத்தைச் சுளித்தார், நீங்கள் அவரைக் கதைத்துக் கதைத்தே வழிக்குக் கொண்டுவந்தீர்கள். கடைசியில் வெளிக்களப் பயிற்சி ஒன்றுதான் மிஞ்சியது. மாணவர்கள் களத்தில் எழுதிய கொப்பிகளைக் காட்டினால் அதுவும் முடிந்துவிடும்.

நீங்கள் புவி விஞ்ஞானம் படித்தவரில்லை. அலுவலகத்தில் இருந்தபடியே கையெழுத்து வைத்திருக்கலாம். ஆனால், "நான் கண்ணால பாக்காததுக்குக் கையெழுத்து வைக்கமாட்டன்" என்று நிலாவெளிக்கு வந்தீர்கள். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, அபாயாவின் விளிம்பு நனைய, அளவுத் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். இரண்டு தடிகளையும் கயிறு நீளத்துக்கு நட்டு, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்த்து, கரை எவ்வளவு சரிகிறது என்று படிப்பது எப்படி என்று என் மாணவி தர்சினிதான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இலங்கைத்துறைப் பிள்ளை. கடலுக்குப் போகிறவரின் மகள். அந்தக் கோட்டைப் பார்க்க அவளுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையிருக்கவில்லை.

அன்று பாதி வேலையில் கரைவலை இழுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்கள் அளவுக்கோட்டுக்குக் குறுக்காக வலைக்கயிறு கிடந்தது. வலை கரையேறும்வரை மணலில் இருந்தோம். தர்சினி கொப்பியில், "கரைவலை இழுப்பு. நிறுத்தினோம்" என்று எழுதினாள். நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள்.

"ஏன் மகள் எல்லாரும் பென்சிலால எழுதுறீங்க? பேனை இல்லையா?"

"பேனையெண்டா கடல் தண்ணி பட்டு ஊறிப்போயிரும், மேடம். பென்சில் நனைஞ்சாலும் அப்பிடியே இருக்கும். பிழைச்சாலும் அழிக்கக் கூடாது, ஒரு கோடு கீறிவிட்டு மற்றதை எழுதோணும்."

"நல்ல பழக்கம்," என்றீர்கள். "எங்கட ஒஃபிசுக்கும் இதைப் படிப்பிக்க வேணும்."

அப்போது நீங்கள் வலைக்காரர்களைப் பார்க்கத் திரும்பிவிட்டீர்கள். அவள் சொன்ன முதல் பாதி உங்கள் மனதில் தங்கவில்லை போலிருக்கிறது. என் மனதில் தங்கியிருக்க வேண்டும். அதை அவளுக்குப் படிப்பித்ததே நான்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு நான் ஒருபோதும் முழுதாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

உங்கள் பீடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பென்சிலால் நிரப்பிய ஆவணங்கள் ஏற்கப்படமாட்டா. அது விண்ணப்பப் படிவங்களுக்கு என்று எந்தக் குழந்தைக்கும் விளங்கும். எனக்கு விளங்கவில்லை. என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. மேசைவிரிப்பு ஒரு அங்குலம் சரிந்திருந்தால் நித்திரை வராதவள். அந்தக் கொப்பிகளோ, மணலும் மீன் செதிலும் ஒட்டி, பக்கத்துக்குப் பக்கம் வெட்டிக் கீறி இருந்தன. பல்கலைக்கழகத்துக்கு இதையா அனுப்புவது என்று எனக்கு வெட்கமாக இருந்தது. உங்களிடம் தொலைபேசியில் கேட்டேன். "அதையே தாங்க மிஸ், நான் கதைக்கிறன்" என்றீர்கள். கேட்டேனா? ஆறு பிள்ளைகளையும் இரண்டு நாள் ஆய்வுகூடத்தில் இருத்தி, புதுக் கொப்பியில், நீலப் பேனையால், வெட்டுக் கீறல் இல்லாமல் அத்தனையையும் பிரதி எடுக்க வைத்தேன். தர்சினி மட்டும் ஒருமுறை கேட்டாள், "வெட்டினதையும் எழுதவா மிஸ்?" என்று. வேண்டாம் என்றேன். கரைவலைக்கு நிறுத்தியதையும் வேண்டாம் என்றேன்.

பிறகு பயம் பிடித்தது. இரண்டு தொகுதி இருப்பதை யாராவது கண்டால் கள்ளம் என்பார்களே என்று. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, பழைய கொப்பிகளைக் கல்லூரிப் பின்வளவில் சருகோடு சேர்த்து எரித்தேன். பகலில், எல்லோரும் பார்க்க, குப்பை எரிப்பதுபோல. அப்போது பெரிய கெட்டிக்காரி என்று என்னைப் பற்றி நினைத்துக்கொண்டேன்.

பல்கலைக்கழக மதிப்பீட்டாளர்கள் நீலப் பேனைக் கொப்பிகளைத் திறந்து பார்த்ததுமே மூடிவிட்டார்களாம். ஆறு கொப்பியிலும் ஒரே பேனை, ஒரு பிழை இல்லை, ஒரு மண் துகள் இல்லை. இது களத்தில் எழுதியதல்ல, மூலக் கொப்பிகள் எங்கே என்று கேட்டார்கள். நீங்கள் எனக்கு அழைத்தீர்கள். மழைக்குக் கூரை ஒழுகி எல்லாம் பழுதாகிவிட்டது என்று சொன்னேன். யோசித்துச் சொன்னதில்லை ராத்தா. வாய் அதுவாகவே சொல்லிவிட்டது.

நீங்கள் மறுகேள்வி கேட்கவில்லை. கண்ணால் பார்க்காததற்குக் கையெழுத்து வைக்காத நீங்கள், மூலக் கொப்பிகள் மழைநீரால் அழிந்தன என உறுதிப்படுத்துகிறேன் என்று கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தீர்கள். என்னை நம்பி.

அதைக் கூட்டத்தில் வாசித்தபோது ஒரு மதிப்பீட்டாளர் சிரித்தாராம். "மேடம், பென்சில் எழுத்து மழைக்குப் போகாது எண்டுதானே நாங்கள் களத்தில பென்சில் பாவிக்கிறம்?" அத்தனை பேருக்கு முன்னால் உங்களிடம் கேட்டார்களாம். இந்தத் தொழிலில் இருக்கிற ஒருத்தி சொல்லக்கூடாத பொய் ஒன்று இருக்குமென்றால் அது இதுதான். அதை நான் சொல்லி, உங்கள் வாயால் வாசிக்க வைத்தேன்.

அன்று பின்னேரமே நீங்கள் அழைத்தீர்கள். கிளினிக் வரிசையில் நிற்பதாகச் சொன்னீர்கள். சிறுநீரகத்துக்கு மருந்து எடுக்கத் தொடங்கிய காலம். பின்னால் ஆட்களின் பெயர் கூப்பிடும் சத்தம் கேட்டது. குரலில் கோபமே இல்லை.

"கடுதாசி உக்கிப்போச்சு, எழுத்து இருந்தாலும் வாசிக்க ஏலாது எண்டு சொல்லிச் சமாளிச்சன். அவங்க கெட்டவங்க இல்ல தங்கச்சி. ஒரு வழி சொல்றாங்க. என்ன நடந்தது எண்டு கல்லூரி உள்ளபடி எழுதித் தந்தா, பிள்ளைகளுக்கு நிலாவெளியில இன்னொரு நாள் தருவாங்களாம். அவங்கட கண்ணுக்கு முன்னால செஞ்சு காட்டினாச் சரி. அதுக்குத்தான் கேக்கிறன். மழைக்குத்தானே போன?"

எனக்கு நீங்கள் அக்கா முறையில் ராத்தா. உங்களுக்கு நான் அலுவலகத்தில் "மிஸ்", ஏதாவது மனதைத் தொட்டால் "தங்கச்சி". அன்று தங்கச்சி என்று கூப்பிட்டீர்கள். தர்சினிக்கு ஒரே ஒரு நாள் போதும். அந்தக் கரையில் அவள் கண்ணை மூடிக்கொண்டு செய்துகாட்டுவாள். நான் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் எழுதினால் உங்கள் கடிதம் பொய்யாகிவிடும், உங்கள் உத்தியோகத்துக்கு என்ன ஆகுமோ என்று நினைத்தேன். உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். இன்றுவரை அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"ஓம், ராத்தா. மழைக்குத்தான்."

"சரி," என்றீர்கள். "அப்ப ஒண்டும் செய்ய ஏலாது." உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டீர்கள்.

வெளிக்களப் பயிற்சி கழிக்கப்பட்டது. அது இல்லாமல் மிச்சக் கிரெடிட் போதவில்லை. நாம் நிரப்பிய அட்டவணை முழுவதும் ஒரு கோவைக்குள் போனது, பிறகு அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. ஆறு பேரில் ஒருவருக்கும் மூன்றாம் வருடம் கிடைக்கவில்லை. அடுத்த தொகுதிக்கும் அதே கதை.

உங்கள் மௌத்துச் செய்தி கேட்டுக் கிண்ணியாவுக்கு, மரண வீட்டுக்கு வந்தேன். பெண்கள் இருந்த அறையில் உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உம்மா கடைசிவரைக்கும் அந்தப் புள்ளைகள்ட கதைதான். மழை மட்டும் பெய்யாட்டி எண்டு சொல்லிச் சொல்லி..." என்றாள். அழுதேன். எல்லோரும் உங்களுக்காக அழுகிறேன் என்று நினைத்தார்கள். பாதிதான் உங்களுக்காக.

தர்சினி இப்போது நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் நிற்கிறாள். போன மாதம் ஒரு கலியாணத்துக்குப் போனபோது கண்டேன். வந்து கையைப் பிடித்து, "சுகமா இருக்கிறீங்களா மிஸ்?" என்று கேட்டாள். நான் மன்னிப்புக் கேட்பதுபோல எதையோ தொடங்கினேன். அவள் முடிக்க விடவில்லை. "விடுங்கோ மிஸ். மழைக்கு நாங்கள் என்ன செய்யிறது?" என்றாள். பென்சில் எழுத்து மழைக்குப் போகாது என்று உங்களுக்குச் சொன்ன அதே பிள்ளை. அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தெரிந்துகொண்டே எனக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டு, குளிராக ஏதாவது குடிக்கிறீர்களா என்று கேட்டாள்.

இந்த மடலை, நீங்கள் இருந்திருந்தால் உங்களிடமாவது உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று முடிக்கத்தான் பேனை எடுத்தேன். எழுதிப் பார்த்தேன், அதுவும் பொய் ராத்தா. கிளினிக் வரிசையிலிருந்து நீங்கள் அழைத்த நாளுக்குப் பிறகு எட்டு மாதம் உயிரோடு இருந்தீர்கள். ஒவ்வொரு வாரமும் நாம் கதைத்தோம்.