டக்ளஸ் வெட்டச் சொன்ன வரி

ஏப்ரல் 20, திங்கள்
மண்சரிவில் லயத்து வரிசை வீடுகளை இழந்த இருபத்திரண்டு குடும்பங்களின் வீட்டுப் பிரச்சினையைப் பேசக் கொழும்பில் மூன்று நாள் கூட்டம். தேயிலைத் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் என்று என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் குடும்பங்கள் ஐந்து மாதமாகப் பள்ளிக்கூட மண்டபத்தில். கூட்டம் கடலோர ஹோட்டலில். பொருத்தம்தான்!

ஏப்ரல் 21
பதினோராம் மாடி. வியாபார விஷயமாக வருகிறவர்களுக்கென்றே கட்டிய அறையாம். ஐந்து வகைத் தலையணை; எது வேண்டுமென்று அட்டையில் குறித்துக் கொடுக்க வேண்டும். குளியலறைச் சுவர் கண்ணாடி. வியாபாரி குளிப்பதைப் பார்க்க யாருக்கு இவ்வளவு ஆசை?

ஏப்ரல் 22
காலை முழுவதும் படம் போட்டு விளக்கினார்கள். பிரதேச செயலகத்து மேடம் கேக் சாப்பிட மட்டும் வாயைத் திறந்தார்.

நாளைக்கு நான் பேசவேண்டியதை டக்ளஸ் வாங்கிப் படித்தான். கூட்டத்தை நடத்துவதே அவன்தான். அக்கரப்பத்தனை லயத்தில் பிறந்தவன்.

"ஜீவராணி, வீடு கட்டக் காட்டின காணிய இன்னும் அளக்கலங்கிற வரிய மட்டும் வெட்டிடுங்க. தோட்டக் கம்பெனிக்காரங்க முன்னால உக்காந்திருப்பாங்க. உங்க வேலைக்கும் நல்லதில்ல."

வெட்டினேன். அந்த மெத்தையில் நன்றாகத் தூங்கியும் விடுவேன் — என்னையும் சேர்த்துத்தான் காறித் துப்ப வேண்டும்.

ஏப்ரல் 23
"எல்லோருக்கும் நன்றி" என்று படித்து முடித்தேன். கைதட்டினார்கள். எதுக்குடி ஜீவராணி தட்டுறாங்க? எரிச்சல் தலைக்கேறியது. மைக்கை விடவில்லை.

"காணிய காட்டி நாலு மாசமாச்சு. ஒருத்தரும் அளக்க வரல. இருபத்திரெண்டு குடும்பத்துக்கு ரெண்டு கக்கூஸ்."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லாமல் விழுங்கிவிட்டார். நானே சிங்களத்தில் திரும்பச் சொன்னேன். மேடம் நிமிர்ந்து பார்த்தார். டக்ளஸ் தரையைப் பார்த்தான்.

ஏப்ரல் 24
ஹட்டன் பஸ். கினிகத்தேனையில் மழை. டக்ளஸ் போனை எடுக்கவில்லை.

மே 8
கம்பெனிக் கடிதம். என் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டார்களாம். "மனவருத்தத்துடன்" என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு மனம் உண்டென்று இன்றுதான் தெரிந்தது.

மே 19
நில அளவையாளர்கள் வந்தார்கள். கூடவே மேடமும், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில். கூட்டம் முடிந்த மறுநாளே நில அளவைத் திணைக்களத்துக்குக் கடிதம் போட்டாராம். அவரை என்னவெல்லாம் நினைத்தேன்!

எனக்கு இப்போது இங்கே வேலையில்லை என்றேன். குடும்பங்களின் பெயரெல்லாம் உனக்குத்தானே தெரியும், கூப்பிடு என்றார்.

கூப்பிட்டேன். மாலைக்குள் ஒன்பது துண்டு அளந்தாயிற்று. முதல் துண்டு, மண்டபத்தில் இருந்தவர்களில் ஒருத்தியான மீனம்மாவுக்கு. மழை பிடித்ததும் எல்லோரும் மண்டபத்துக்கு ஓடினார்கள். அவள் மட்டும் தன் துண்டின் எல்லைக்கு அடித்த நான்கு கட்டைகளுக்கு நடுவே நனைந்துகொண்டு நின்றாள், கூப்பிட்டும் வரவில்லை.