பானெட்டைத் திறக்கும் சனிக்கிழமை

கட்லெஹோங்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மொலேஃபி அண்ணனுக்கு,

தெருவின் தீராத தலைவலியான உன் தங்கை மொசிடி எழுதுவது. அம்மா நலம். நான் நலம். உன் கார் இன்று மாலை வரை நலம். ராணுவப் பயிற்சியில் உன் தலைமுடியை வழித்துவிட்டார்களாமே, காதுகளாவது இருக்கின்றனவா?

உன்னோடு பேச முகாமுக்கு மூன்று முறை போன் செய்தேன். வீட்டில் சாவு விழுந்தால்தான் கூப்பிட்டுக் கொடுப்பார்களாம். மெக்கானிக் லெகாவ் மாமாவிடம், இரண்டே நாளைக்குச் செத்துப்போங்கள் என்று கெஞ்சினேன். "உசுரோட இருக்கும்போதே உங்கம்மா எனக்கு ஒரு வாய் டீ தரமாட்டா. செத்தாலா தரப்போறா? போடி!" என்றுவிட்டார். ஆகவே கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன், திட்டுவதைக் கடைசியில் மொத்தமாக வைத்துக்கொள். பக்கத்துத் தெரு பெகிதெம்பா தன் காரில் புதிதாக டர்போ மாட்டியது முதல் நம் வாசலில் வந்து வந்து உறுமிக்கொண்டிருந்தான். இந்த மேட்டுநிலத்தில் காற்று மெலிசு, காற்றைத் திணித்து ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சின் அரை வயிற்றோடு ஓடும் என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் நீ உன் வழியில் போனாய். சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு காற்றுவாய், அழுத்தம் கூட்டிய பிஸ்டன், தலை கிறுகிறுக்கும்வரை சுழலும் கேம் தண்டு. இரண்டு வருடம் நீயே செதுக்கினாய். அதைப் போய் அவன், "உங்கண்ணன் வண்டிக்கு ஆஸ்துமாடி, டாக்டர்கிட்ட காட்டு" என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. டாக்சி நிலையத்தில் ஒரு குட்டி விசில் விற்கிறார்கள். புகைக்குழாயில் சொருகினால் எஞ்சின் சுற்றச் சுற்ற டர்போ மாதிரியே சீறும். சொருகினேன். போன சனிக்கிழமை வழக்கம்போல் காரைக் கிளப்பினேன். அண்ணா, தெருவே வெளியே வந்துவிட்டது! பெகிதெம்பாவின் முகத்தைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். லெகாவ் மாமா ரகசியமாக டர்போ மாட்டிவிட்டார் என்று நானே வதந்தியும் கிளப்பினேன்.

ஏமாறாதது அம்மா மட்டும்தான். மக்வின்யா பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தவர் மாவுக்கையோடு வந்து நின்று, "இது என் மகன் வண்டி இல்லையே" என்றார். மறுபடி உள்ளே போய்விட்டார். வாராவாரம் அந்தச் சத்தத்துக்காகத்தான் அவர் ஜன்னலைத் திறந்து வைக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதோடு நின்றிருக்கலாம். கார் கழுவும் இடத்தில் பெகிதெம்பா எல்லார் முன்னாலும் சவால் விட்டான். தோற்றவர் எஞ்சினைக் கழற்றிக் கொடுப்பது. என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். "உன் எஞ்சினை வச்சு எங்கம்மா துணி துவைக்கட்டும்" என்று சொல்லி அவன் பானெட்டிலும் நம் பானெட்டிலும் கை வைத்துவிட்டேன். அப்படிக் கை வைத்தால் பந்தயம் உறுதி, பேச்சு முடிந்தது.

ஓட்டம் நாளை மறுநாள். நம் காரை ஓட்ட மாமா ஒத்துக்கொண்டார். ஆனால் கொடி விழுமுன் இரண்டு பானெட்டும் திறக்கப்படும் என்பதை நான் மறந்தே போனேன். இல்லாததை இருக்கிறது என்று சொன்னவன் ஓடாமலே தோற்றவன். இதுவும் இங்கே எல்லாருக்கும் தெரிந்த சட்டம், கை வைத்த எனக்கு மட்டும் மறந்த சட்டம்.

மாமா திங்கட்கிழமை நொறுங்கிய கார் ஒன்றிலிருந்து நிஜ டர்போவே கொண்டுவந்தார். மாட்டினால் பொய் உண்மையாகிவிடும், ஜெயிக்கவும் ஜெயிக்கலாம். "ஆனா உங்கண்ணன் பிஸ்டன் தாங்காதுடி. ஏற்கெனவே நெருக்கிப் பிடிச்ச எஞ்சின், அதுல காத்தைத் திணிச்சா உருகிரும். பிஸ்டனை மாத்தணும், கேமை மாத்தணும், அந்த ஆறு வாயையும் புடுங்கணும்" என்றார். அப்புறம் மிச்சம் என்ன மாமா என்று கேட்டேன். "பேரு மட்டும்தான்" என்றார்.

நேற்று முழுக்க ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு காரடியில் படுத்திருந்தேன். மாட்டினால் எஞ்சின் நம் வீட்டிலேயே இருக்கும், உன்னுடையதாக இருக்காது. மாட்டாவிட்டால் உன்னுடையதாகவே இருக்கும், பெகிதெம்பா வீட்டில். எந்தப் பக்கம் புரண்டாலும் முட்டியது என் தலைதான்.

ஒரு நட்டைக்கூட நான் கழற்றவில்லை. சனிக்கிழமை பானெட்டை நானே திறந்து, விசிலை எல்லாருக்கும் காட்டி, செய்தது நான்தான், அண்ணனுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிடுவேன். சிரிக்கட்டும். பெகிதெம்பா எஞ்சினைத் தூக்கிப் போகும்போது நீ செய்தது செய்தபடி முழுசாகப் போகும். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், ஆகவே உன்னிடம் வழி கேட்கவில்லை. அம்மாவிடம் இன்றிரவு சொல்வேன்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். போகும்போது, முதல் விடுப்பில் வந்து ஓட்டிப் பார்ப்பேன் என்று காரைத் தட்டிச் சொன்னாய். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சின் இல்லாத வீட்டுக்கும் நீ வருவாய்தானே, அண்ணா? என்னைத் திட்டுவதற்காகவாவது வா.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் தங்கை,
மொசிடி