ஒற்றை ஆள் பிடித்தம்

அன்புள்ள அத்தைக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், வேலைக்கும் போகிறேன். என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

இந்த மாதம் எங்கள் சம்பளத்தில் மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தத்தை மறுபடி ஏற்றிவிட்டார்கள், வெளிநாட்டு ஆட்களுக்கு மட்டும். என்னோடு லிஃப்ட் பழுது பார்க்க வந்திருக்கும் புது ஆள் என் சம்பளச் சீட்டை எட்டிப் பார்த்து, "உனக்கென்னப்பா, ஒத்தை ஆளு! எனக்குப் பொண்டாட்டிக்கும் சேர்த்துல்ல பிடிக்கிறான்" என்றான். அவனுக்குத் தெரியாது. நானும் சிரித்துவைத்தேன்.

போன வருஷம் ஏற்றியபோது உங்கள் மகள், "எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன். என் பேரை எடுத்துடுங்க" என்றாள். எடுத்தேன். ஒரு வருஷம் கழித்துத்தான் திரும்பச் சேர்க்க முடியும் என்று படிவத்திலேயே போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து அவளுக்கு வயிற்றுவலி வந்தது. காப்பீடு இல்லாமல் இங்கே ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முடியாது.

அவள் போனதிலிருந்து நீங்கள் ஒவ்வொரு முறை ஃபோன் பண்ணும்போதும், "கட்டின புருஷன்கிட்டகூட சொல்லாம மறைச்சுட்டாளே பாவி! நீங்க என்ன பண்ணுவீங்க மாப்பிள்ளை?" என்று அழுகிறீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவள் மறைக்கவில்லை அத்தை. தினமும் சொன்னாள். "இன்னும் நாலு மாசம்தானே, பல்லைக் கடிச்சுக்கோ" என்று சொன்னது நான்.

இனி அவளைத் திட்டாதீர்கள்.

உங்கள் மாப்பிள்ளை