கடல் தெரியும் மாடி ரூம்

அப்பா,

உப்புமா மூடி வெச்சிருக்கேன். சாவி பக்கத்து வீட்டு பார்வதம்மாகிட்ட. நான் ரயில் பிடிக்க ஊரிகம் ஸ்டேஷனுக்கு ஓடறேன்.

நேத்து நாம போகப்போற மகாபலிபுரத்துக்கு ஹோட்டல் பார்த்தப்போ உங்க முட்டிவலிக்காகத்தான் கீழ் ரூம் சொன்னேன். "கீழ இன்னாத்துக்கு? நான் கீழ இருந்ததெல்லாம் போதும்"னு கத்தினீங்க. எனக்கும் கோபம்.

காலையில போன்ல பார்த்தேன். நம்ம ஊரு கடல் மட்டத்துக்கு மேல மூவாயிரம் அடிகூட இல்ல. நீங்க தங்க மைன்ஸ்ல எறங்கின ஷாஃப்ட் பத்தாயிரம் அடி ஆழம். அப்போ கடலுக்கும் ஏழாயிரம் அடி கீழ இருபத்தாறு வருஷம் ஷிப்டு பார்த்திருக்கீங்க, கடலையே பார்க்காம! மலைச்சுப் போயிட்டேன்பா.

மாடி ரூமே எடுத்துட்டேன். எட்டே ரூம் இருக்கிற சின்ன ஹோட்டல். ஜன்னல் முழுக்கக் கடல்.

மாயா

சொல்ல மறந்துட்டேன்: லிப்ட் இல்லியாம், இருபது படி. நின்னு நின்னு ஏறலாம். அங்க ஷிப்டு சங்கு ஊதாது.