பதினான்காவது கேள்விக்கு நீ சொன்ன பதில்

உன் நவநாள் ஜெபப் புத்தகத்தைத் திறந்தால் இன்னும் மெழுகு வாசனை வருகிறது அம்மா. தையல் விட்டுப் பக்கங்கள் தனித்தனியாக நிற்கின்றன. பிளாஸ்டிக் உறைக்கும் அட்டைக்கும் நடுவே நான்காக மடித்த ஒரு தாள். பிரிக்கும்போது மடிப்பில் கிழிந்துவிட்டது.

மருந்துச் சீட்டு. மேலே சேலத்து மனநல மருத்துவர் ஒருவரின் பெயர். கீழே உன் பெயர். வயது இருபத்தாறு. ஓரத்தில், கர்ப்பம் ஐந்து மாதம் என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு.

அந்த ஐந்து மாதம் நான்தான். தேதியை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டேன். உனக்கு வேறு பிள்ளையும் இல்லை.

மருந்தின் பெயர் எனக்குப் பழக்கமானது. என் ஆய்வுக்காகத் தட்டச்சு செய்து வைத்திருக்கும் பட்டியலில் ஏழாவது வரி.

நான்கு வருடமாக இதைத்தான் கேட்டு அலைகிறேன். கர்ப்பமாக இருக்கும் பெண்களின் மனநலம். அவர்கள் விழுங்கும் மாத்திரை, நிறுத்தும் மாத்திரை, மறைக்கும் மாத்திரை. சேலத்திலும் நாமக்கல்லிலும் எத்தனை வாசல்கள். எத்தனை டம்ளர் மோர். பதில் என் வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது.

கோபம் வருகிறது. செத்துப்போனவர்கள் மேல் கோபப்படுவது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை.

கேள்வித்தாளை முதன்முதலில் உன்னிடம்தான் சோதித்துப் பார்த்தேன், ஞாபகம் இருக்கிறதா? கேள்விகள் புரிகிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். நீ அரிசி களைந்துகொண்டிருந்தாய். நான் சமையல் மேடைமேல் தாளை விரித்து, ஆய்வாளரின் குரலில், "பதினாலு. கர்ப்பமாக இருந்தபோது மனநலத்துக்காக ஏதேனும் மாத்திரை எடுத்துக்கொண்டீர்களா?" என்றேன்.

"சத்து மாத்திரை குடுத்தாங்க. அதுதான்."

"அப்ப இல்லை. இருபதுக்குப் போயிடலாம்."

"ஏன், பதினஞ்சு என்ன ஆச்சு?"

"அது உனக்கு இல்லம்மா. மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு."

"சும்மா படியேன். என்னதான் கேக்குதுன்னு பாப்போம்."

படித்தேன். "அதனால் உங்கள் குழந்தைக்கு ஏதேனும் பாதிப்பு ஏற்பட்டதாக நினைக்கிறீர்களா?"

நீ தண்ணீரை வடித்தாய். மறுபடி பிடித்தாய். மறுபடி வடித்தாய். "அரிசி ஊறிப் போச்சு, நகரு" என்றாய். நான் நகர்ந்தேன். கேள்வித்தாள் தெளிவாக இருக்கிறது, புரிந்துகொள்ள எளிது என்று குறிப்பு எழுதினேன்.

எங்கள் பயிற்சியில் முதல் பாடமே இதுதான். பதில் சொல்பவரின் முகத்தைப் பார். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேட்டூர் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தை இப்போது திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். மாதத்தின் முதல் புதன்கிழமை நீ சேலத்துக்குப் பஸ் ஏறுவாய். சகாய மாதா நவநாளுக்கு என்பாய். மேட்டூரிலும் மாதா கோவில் இருந்தது, அங்கேயும் புதன்கிழமை நவநாள் நடந்தது. அப்பா வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்வார்: "இவளுக்கு மேட்டூர் மாதா பத்தாது. சேலம் மாதாதான் கேக்கும்." பக்கத்து வீடுகளில் சிரிப்பார்கள். நீயும் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவாய்.

சீட்டை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இத இன்னுமா வச்சிருந்தா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? மொதோ தடவ நாந்தான கூட்டிட்டுப் போனேன்."

"அப்ப அந்தச் சேலம் மாதா ஜோக்?"

"அது பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக் கண்ணு. குவார்ட்டர்ஸ் செவரு எவ்வளவு மெலிசுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"ஒன்கிட்டதான் சொல்லக் கூடாதுன்னா. நீதான அந்தக் கொழந்த."

ஏழாம் வகுப்பில் கணக்கில் பதினெட்டு மார்க் வாங்கினேன். மற்ற அம்மாக்கள் என்றால் திட்டுவார்கள். நீ கட்டிலில் உட்கார்ந்து மதிப்பெண் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "என்னாலதான்" என்றாய். உனக்குக் கணக்குச் சொல்லித்தரத் தெரியாததைச் சொல்கிறாய் என்று நினைத்தேன். எனக்குக் கண்ணாடி போட்டபோது டாக்டரிடம், "இது பொறக்கும்போதே இருந்திருக்குமா சார்?" என்று கேட்டாய். அவர் இல்லை என்றார். நீ இன்னொரு டாக்டரிடம் போனாய். மூன்று வயது வரை நான் சரியாகப் பேசவில்லை என்று காதைச் சோதிக்க வேலூர் வரை தூக்கிக்கொண்டு போனதாகச் சொல்வாய். சிரித்துக்கொண்டே சொல்வாய்.

பதினைந்தாம் கேள்விக்கான பதிலை நீ என் உடம்பில் தேடிக்கொண்டே இருந்திருக்கிறாய். காய்ச்சல் வந்தால். தடுக்கி விழுந்தால். காதல் முறிந்து ஒரு மாதம் நான் சாப்பிடாமல் கிடந்தபோது கூட, கதவருகே நின்று பார்த்த அந்தப் பார்வை.

அந்தக் கேள்வியை எழுதியவள் நான்.

வெளியிலும் இதே கதைதான். பேட்டியைத் தனியாக எடுக்க வேண்டும் என்பது விதி. தனியாக என்று ஒரு இடம் இந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் இருக்கிறது? மாமியார் பக்கத்தில் அமர்வார். நாத்தனார் கதவில் சாய்வார். எதிர்வீட்டுக்காரர் என்ன கணக்கெடுப்பு என்று எட்டிப் பார்ப்பார். பதினான்கு வந்ததும் எல்லோரும் சேர்ந்து இல்லை என்பார்கள். அம்மாபேட்டையில் ஒரே ஒரு பெண் உண்மை சொன்னாள். மாமனார் அடுத்த அறையில் தறி நெய்துகொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்குள் சொன்னாள். தறி நின்றதும் நிறுத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரிகள் இதைவிட மோசம். மகப்பேறு மருத்துவர், மனநல மருத்துவரைக் கேள் என்கிறார். அவர் இவரைக் கேள் என்கிறார். மருந்துக் கடைக்காரர் வயிற்றைப் பார்த்ததும் வேண்டாம் என்கிறார். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில், மருத்துவரை ஆலோசிக்கவும் என்று போட்டிருக்கிறது. கர்ப்பிணிகளைச் சேர்க்காமலே பெரும்பாலும் மருந்துகளைச் சோதிக்கிறார்கள். அதனால் பலவற்றைப் பற்றி முழுதாகத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் யாருக்கும் வாய் வராது. வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். நிறுத்தினால் அவளுக்கு என்ன ஆகும் என்று கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. என் படிவத்திலும் இல்லை.

உன் சீட்டு கிடைத்த பிறகு, போன மாதம் ஜேடர்பாளையம் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. மஞ்சள் காடு தாண்டி உள்ளே. அந்தப் பெண்ணின் பெயரை எழுதக் கூடாது. என் ஆய்வில் அவள் எண் முப்பத்தொன்று. ஆறு மாதம். கணவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வண்டியோடு ஒடிசாவில். மாமியார் எனக்கு நாற்காலி போட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்.

"எங்கூட்டுல அந்த மாதிரிச் சீக்கெல்லாம் ஆருக்கும் இல்லீங்க சாமி. எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன். அதற்குள் நேரமாகிவிட்டதென்று அவர் பால் தூக்குப் போசியை எடுத்தார். "சொசைட்டிக்குப் பால் ஊத்திப்போட்டு வாரேன். பேசிட்டிருங்க."

அவர் தலை வேலிக்கு அந்தப் பக்கம் மறைந்ததும் அந்தப் பெண் என் பேனாவைப் பிடித்தாள்.

"அக்கா, அத அடிச்சிருங்க."

"எதை?"

"இல்லைன்னு எழுதுனீங்கல்ல, அத. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து சாப்பிடறனுங்க. எங்கம்மா ஊட்டுக்குப் போறப்ப வாங்கியாருவேன். இப்ப மூணு வாரமா நிறுத்திட்டேன்."

"யார் நிறுத்தச் சொன்னது?"

"ஆருஞ் சொல்லலீங்க. போன்ல ஒரு வீடியோ வந்துச்சு. கொழந்தைக்கு ஆவாதுன்னு."

தூக்கம் போய்விட்டது. சோறு இறங்கவில்லை. மாடு கத்தினால் கூட அழுகை வருகிறது என்றாள். சொல்லும்போதே வந்தது.

இதற்கென்று எங்களிடம் ஒரு அச்சடித்த சீட்டு உண்டு. ஆஸ்பத்திரி முகவரி, ஒரு தொலைபேசி எண். அதைக் கொடுத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். "நாம கேக்கறவங்க, சொல்றவங்க இல்ல" என்பார் என் வழிகாட்டி மேடம். சீட்டைக் கொடுத்தேன். வாங்கினாள். மனநலம் என்ற எழுத்தைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்தாள். "இத எங்கீங்க நான் வெப்பேன்?"

"நீங்களா நிறுத்தியிருக்கக் கூடாது. நீங்களா மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம். குடுத்த டாக்டரையே போய்ப் பாருங்க."

"பாத்தா, கொழந்தைக்கு ஒன்னும் ஆவாதுன்னு எழுதித் தருவாருங்களா?"

தரமாட்டார். யாராலும் முடியாது. வேலிப் பக்கம் பார்த்தேன். யாரும் வரவில்லை.

"எங்கம்மா சாப்பிட்டாங்க. என்னை வயித்துல வச்சுக்கிட்டு."

சொல்லியிருக்கக் கூடாது. ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று முதலாண்டு மாணவர்களுக்கு நானே வகுப்பெடுக்கிறேன். அதையும் அவளிடம் சொன்னேன். அவள் அதைக் கேட்கவே இல்லை. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல.

"உங்களுக்கு ஒன்னும் ஆவலீங்களா?"

"கண்ணாடி போட்டிருக்கேன். கணக்கு வராது."

"எனக்குந்தான் வராது. எங்கம்மா ஒரு மாத்திரையும் சாப்பிடலீங்க."

சிரித்துவிட்டாள். நானும். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தூக்கத்துக்குன்னு சொல்லிப் போய்க்கறேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"உங்கம்மாவுக்குப் பயமா இல்லீங்களாமா?"

"தெரியலைங்க. கேட்டதில்லை."

"கேட்டுச் சொல்லுங்கக்கா."

நீ இறந்து பதினான்கு மாதம் ஆகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டி, அவள் போனில் என் எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். காலிப் போசியோடு மாமியார் வந்தார்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. முப்பத்தொன்றாம் தாளைத் தனியே எடுத்து, "இது செல்லாது. உன் கதையச் சொல்லி அவ பதிலக் கெடுத்துட்ட" என்றார். சரிதான். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. உண்மை சொன்ன தாளை எடுத்துவிட்டு, இல்லை என்று சொன்ன தாள்களை அடுக்கி ஸ்டேப்ளர் அடித்தோம். அவை செல்லும். உன்னுடையதும் அப்படி ஒரு தாள்தான், கோப்பின் முதல் தாள், சோதனைப் பிரதி.

எட்டு நாள் கழித்து அவள் அழைத்தாள்.

"டாக்டரப் பாத்துட்டனுங்க. வேற மாத்திரை எழுதிக் குடுத்திருக்காரு. மாசாமாசம் வரச் சொன்னாரு."

"யார் கூட்டிட்டுப் போனாங்க?"

"அத்தைதானுங்க. தூக்கத்துக்குன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். உள்ள போனதும் எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன்."

"அவங்க?"

"பஸ்ஸுல மூஞ்சத் திருப்பிட்டே வந்தாங்க. எறங்கறப்ப, இத எங்கிட்ட மொதல்லயே சொல்றதுக்கு என்ன சாமி கேடுன்னாங்க. இன்னும் கோவமாத்தான் இருக்காங்க. ஆனா மாத்திரைய அவங்கதான் எடுத்துத் தராங்க."

நான் தொலைபேசியை இன்னொரு காதுக்கு மாற்றினேன். அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"உங்கம்மாகிட்டக் கேட்டீங்களா?"

கேட்டேன் என்றேன்.

"என்ன சொன்னாங்க?"

"பயமாத்தான் இருந்துச்சாம். தினமும். நான் பொறந்த பின்னாலயும் போகலையாம்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். இல்லை.

"அப்ப எல்லாருக்கும் அப்படித்தானுங்களா?" என்றாள். "எனக்கு மட்டும்னு நெனச்சனுங்க."

பொய்ப் பதிலை நிரப்புவதுதான் என் தொழிலில் பெரிய குற்றம் அம்மா. நீ சொல்லாததை உன் பெயரில் சொன்னேன். ஒவ்வொரு வீட்டுக்குள் நுழையும்போதும் அது என்னோடு வருகிறது. தவறாகச் சொல்லியிருந்தால் திருத்த உன்னை விட்டால் ஆள் இல்லை.

சரியாகச் சொல்லியிருந்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. தனக்கு மட்டும் இல்லை என்ற பதில் அவளுக்கு எட்டு நாளில் கிடைத்தது. நீ அது கிடைக்காமல் என் எதிரிலேயே இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்திருந்தாய்.