வெள்ளையடித்த சுவர்

ஆடி 8, வியாழன் இரவு

மாடிக் குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே வெடித்து, பாப்பாவின் அறைச் சுவர் முழுக்க ஊறிப்போனது. மாடியிலுள்ள வால்வை மூடிவைத்திருக்கிறோம். இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்வரை யாரும் சுவரைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். இன்று நான் பாப்பாவை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்புவதற்குள் மாமியார் ஆள் வைத்து வெள்ளையடித்துவிட்டார்.

“கிருத்திகைக்குக் காவடி எடுத்துகினு சொந்தமெல்லாம் வந்து தங்குவாங்க. அந்தச் சுவத்தையா காட்டுறது?” என்கிறார்.

மாலையில் வந்த சர்வேயர் சிரித்துவிட்டார். “சுவரு கல்யாணத்துக்கு ரெடியான மாதிரி இருக்குதேம்மா, சேதம் எங்க?” போட்டோக்களைக் காட்டினேன். “போட்டோ போதாதுங்க. காலையில திரும்ப வரேன். கண்ணால ஈரத்தப் பாத்தாத்தான் எழுதுவேன்.”

அந்தப் பணம் வந்தால்தான் சுவரை உடைத்துக் குழாயை மாற்ற முடியும். பாப்பாவுக்கு இந்த ஈரத்தால்தான் இளைப்பு என்று டாக்டரும் சொல்லிவிட்டார். காயவேண்டும் என்று தவித்தவள், இப்போது ஈரம் தட்டுப்படுமா என்று போய்ப் போய்ச் சுவரைத் தடவுகிறேன். சுண்ணாம்புதான் கையில் ஒட்டுகிறது.

“ராத்திரி வால்வத் திறந்துவுட்டா காலையில தானா ஊறிக்கும்,” என்றார் என் வீட்டுக்காரர். திட்டினேன். “அப்ப நீயே ஒரு வழி சொல்லுடி.”

பாப்பாவைக் கூடத்துக்குத் தூக்கிவந்து படுக்கவைத்துவிட்டேன். அவர் மாடிப்படி ஏறுகிறார். வேண்டாம் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.