ஆறு பத்துக்கு எரிய வேண்டிய விளக்கு

அனுப்புநர்:
தெருவே 'சித்தப்பா' என்றழைக்கும் தையல்காரர்,
மூன்றாம் கம்பத்துக்கு எதிர்வீடு.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
தெருவிளக்குப் பிரிவு, நகராட்சி அலுவலகம்.

பொருள்: விளக்கு எரியும் நேரத்தைப் பழையபடி மாலை ஆறு பத்துக்கு மாற்றக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவில் உள்ளதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று முதலிலேயே சத்தியம் செய்து தருகிறேன். நம்பாமலேனும் முழுவதும் படித்துவிட வேண்டுகிறேன்.

1. என் அண்ணன் தங்கள் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் தெருவிளக்கு போடும் பணியாளராக இருந்தவர். அவர் சுவிட்சைத் தொடாமல் சூரியனே மறையத் தயங்கும் என்பது எங்கள் குடும்ப வரலாறு. இப்போது அவருக்கு மறதி நோய். காலையில் சாது. பொழுது சாய்ந்தால் பரபரப்பு பற்றிக்கொள்ளும். "டேய், தெரு இருட்டிக் கிடக்கு. பெட்டிச் சாவிய எங்கடா வச்ச?" என்று என் சட்டையைப் பிடிப்பார். விளக்கு இப்போது தானாகவே எரிகிறது என்றால், அவர் வேலைக்கு உலை வைக்க வந்தவனைப் போல் என்னைப் பார்ப்பார்.

2. ஆகவே வாசல் சுவரில் ஒரு சுவிட்சுப் பெட்டி மாட்டினேன். உள்ளே ஒயர் கிடையாது. ஏமாற்று வேலைதான், மன்னிக்கவும். தினமும் ஆறு பத்துக்கு அண்ணி சாவியை நீட்டுவார். அண்ணன் திறந்து தட்டுவார். தங்கள் டைமர் அதே நேரம் கம்பத்து விளக்கை எரியவைக்கும். "இனி எல்லாரும் பத்திரமா வீடு போய்ச் சேருவாங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். அதன்பின் அவர் விடும் குறட்டையில் நான்கு வீட்டு ஓடுகள் நகரும். இரண்டு ஆண்டுகள் அப்படிக் கழிந்தன.

3. சென்ற மாதம் டைமரை ஆறே முக்காலுக்கு மாற்றினீர்கள். மின்சிக்கனம், குறை சொல்லவில்லை. ஆனால் அண்ணன் தட்டுகிறார், விளக்கு எரியவில்லை. இதுவரை நாற்பது லட்சம் முறை தட்டியிருப்பார். "நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்டா" என்று அழுகிறார். பிறகு விளக்கு எரிந்தும் பயனில்லை. விடியும்வரை வீட்டுக்குள் நடை. செவ்வாய்க்கிழமை கம்பத்தைச் சோதிக்க ஓடி, விழுந்து, முழங்கை பிசகியது.

4. சாவியைத் தாமதமாகக் கொடுத்தாலென்ன என்று தாங்கள் கேட்கலாம். கொடுத்துப் பார்த்தோம். அண்ணி கடிகாரத்தையும் பின்னுக்குத் திருப்பி வைத்தார். ஜன்னலில் இறங்கும் இருட்டை என்ன செய்வது?

எனவே மூன்றாம் கம்பத்துக்கு மட்டுமாவது அந்த முப்பத்தைந்து நிமிடங்களைத் திருப்பித் தந்து உதவுமாறு பணிந்து கேட்கிறேன்.

சூரியன், ஓடு, நாற்பது லட்சம் எல்லாம் என் கைச்சரக்கு, தாராளமாக அடித்துவிடலாம். அவர் அழுகிறார் என்று எழுதிய அந்தச் சிறு இடத்தை மட்டும் அடித்துவிடாதீர்கள், அது உண்மை.

இடம்: அதே வாசல்
நாள்: விளக்கு தாமதமான இருபத்து மூன்றாம் நாள்

ஒப்பம்,
சித்தப்பா
(அண்ணனுக்கு மட்டும் 'டேய்')